மூச்சு வாங்கிய அம்பாசிடர்

நம்பாதவர்கள் பெரம்பலூர் கார் ஸ்டாண்டுக்கே போய் டிரைவர் வீரமணியைக் கேட்டுக்கொள்ளலாம். நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண் காது மூக்கு வைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவன். ஆனால் அம்பாசிடர் என்று பேச்செடுத்தால் பாதி டீயோடு எழுந்து போய்விடுவான்.

உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி அரங்கநாதனிடமிருந்து அந்தப் பழைய அம்பாசிடரை இந்த 2001 தை மாதத்தில்தான் வாங்கினான். இன்ஜின் தங்கம். உள்ளேதான் அடுப்பங்கரை. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் சுண்ணாம்புக்கல் லாரித் தூசி மூஞ்சியில் அப்பும். சவாரிக்காரர்களின் முனகலை அவன் பொறுத்துக்கொண்டான். மகள் படுகிற பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. தேவயானிக்கு ஆறு வயது, பிறந்ததிலிருந்தே மூச்சிளைப்பு. ஒருநாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது, வழியில் காருக்குள்ளேயே பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அவனுக்குப் பாதி உயிர் அன்றைக்கே போய்விட்டது.

காருக்குள் காற்று வர வழி செய்தே தீருவது என்று சித்திரை மாதத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு அரியலூர் போனான். மெக்கானிக் ராசாங்கம் முன்கண்ணாடிக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

"வெளிக்காத்து வர மூடி இந்தா இருக்கு தம்பி. உள்ளாற துணிய அடைச்சு, தகரம் வச்சு முடுக்கியிருக்காங்க."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? நம்மூர்ல எவன் அடைக்கல? கல்லுத் தூசிக்குத்தான்."

அது நிஜம்தான். அந்தப் பக்கம் கார் வாங்குகிறவன் முதலில் செய்கிற வேலையே அந்த ஓட்டையில் துணி அடைப்பது. அதனால் அரங்கநாதனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. தகரத்தைக் கழற்றித் துணியை உருவி எறிந்தார்கள். தூசிக்கு ஒரு மெல்லிய வலை வைத்தார்கள். வண்டியை எடுத்ததும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று காற்று வந்தது. முன்சீட்டில் இருந்த தேவயானி கைகொட்டிச் சிரித்தாள். வீரமணிக்கு மனசு நிறைந்துவிட்டது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. உச்சி வெயில். மணி பன்னிரண்டே கால். முன்னே பின்னே ஒரு வண்டி இல்லை. இன்ஜினை அணைத்தான்.

காற்று நிற்கவில்லை...

வெளியே புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை. உள்ளே மட்டும் சில்லென்று வந்துகொண்டிருந்தது. தேவயானியின் பாவாடை ஓரம் பின்னால் ஒதுங்கியது. நின்றது. பிறகு மெதுவாக அந்த ஓட்டையை நோக்கி இழுபட்டது.

ஊதியது... இழுத்தது... ஊதியது...

கூடவே ஒரு சத்தம். கீ...ச். கீ...ச்.

ஆறு வருஷமாக ராத்திரியெல்லாம் விழித்திருந்து அவன் கேட்ட சத்தம். இளைப்புக்காரப் பிள்ளை மூச்சு விடுகிற சத்தம். பதறிப்போய் மகளைப் பார்த்தான். அவள் வாய் மூடியிருந்தது.

"நீயாடா தங்கம்?"

இல்லை என்று தலையாட்டினாள். விரலைக் கீழே நீட்டினாள்.

"அதுக்குத்தாம்ப்பா மூச்சு வாங்குது."

மூடியின் லிவரைத் தள்ளி மூடினான். டக். தானே திறந்தது. டக். மறுபடி மூடிக் கையால் அழுத்திப் பிடித்தான். அந்தப் பக்கமிருந்து ஏதோ தள்ளியது. பெரிய பலம் இல்லை. ஒரு குழந்தை தள்ளுகிற அளவுதான்.

வீரமணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

ரயில் தடதடவென்று கடந்தது. போன பிறகு... கீச் சத்தம் இல்லை. ஓட்டை நிதானமாக, சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தேவயானியின் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

"ஐயோ... பாப்பா!"

கதவை உதைத்துத் திறந்து வெயிலுக்குத் தூக்கி ஓடினான். தண்டவாளத்தின் மேல் அவள் ஒரு மூச்சை இழுத்தாள்.

சுத்தமான மூச்சு. கீச் சத்தமே இல்லை.

காரைக் கேட்டிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினான். அன்று ராத்திரி பிள்ளை அயர்ந்து தூங்கினாள். மறுநாளும் இளைப்பு வரவில்லை. மனைவி பரிமளா கண்ணீர் விட்டுக் கும்பிட்டாள். வீரமணிக்கு மட்டும் ஆறவில்லை. உடையார்பாளையம் போய் அரங்கநாதன் முன்னால் நின்றான்.

நடந்ததைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"பாப்பாவுக்கு இளைப்பு உண்டா தம்பி?"

"இருந்துச்சுங்க. அன்னியோட சுத்தமா நின்னு போச்சு."

முந்திரி அளந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"எம்மவ வளர்மதிக்கும் அந்த வண்டியிலதான் நின்னுச்சு," என்றார். "ஊருக்கே சாப்பாடு போட்டேன். அப்பறந்தான் அந்த ஓட்டைய அடைச்சேன்."

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் போட்டோ. மாலை போட்டிருந்தது.

எத்தனை நாள் கழித்து என்று கேட்க வாயெடுத்தான். கேட்காமலே திரும்பி வந்துவிட்டான்.

இப்போது சனிக்கிழமை தவறாமல் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகிறான். மகளுக்கு இளைப்பு திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். ராத்திரியில் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறான்.

இன்னும் வரவில்லை.