இல்லாத துளைக்குச் சிக்னல் கொடுக்கிறவன்

பழைய கம்பியூட்டர் டிஸ்க்குக்குத் துளைச் சிக்னல் செய்து கொடுக்கிறவனை, ஊரில் ஒருவரும் வேலையில் இருக்கிறவனாகக் கணக்கெடுப்பதில்லை. இதே துறையில் மாட்டுப்பட்ட சகபாடிகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சில பழைய மெசின்களின் டிஸ்க்கில் வட்டமாகப் பல துளைகள் இருக்கும். டிஸ்க் சுழலும்போது ஒவ்வொரு துளையாலும் வெளிச்சம் விழ, அடுத்த பகுதி தொடங்குகிறது என்று மெசின் அறியும். அந்த டிஸ்க்குகள் இப்போது கிடையாது; கிடைப்பது ஒற்றைத் துளை டிஸ்க். மிச்சத் துளைகளுக்கான சிக்னலை, நேரம் தவறாமல், நான் செய்கிற சின்ன சர்க்கிட் போர்ட் கொடுக்கும்.

பெண் பார்த்த கதை

எனக்குச் சம்பந்தம் பேச வட்டுக்கோட்டைத் தரகர் ஒருவர் வந்தார். பெண் வீட்டாருக்கு என் தொழிலைச் சொல்ல வேண்டுமாம். டிஸ்க், வெளிச்சம், துளை எல்லாம் விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"அப்ப, இல்லாததை இருக்கெண்டு நேரம் பாத்துச் சொல்லுறது. தம்பி, எனக்கு ஒரு உதவியாள் தேவை."

கீரிமலை வெயில்

கீரிமலையில் விடுதி நடத்துகிற ஒருவர், விருந்தாளிகளுக்குக் காட்டப் பழைய மெசின் ஒன்றை வாசலில் வைத்திருந்தார். காலையில் நல்லாக ஓடும், பின்னேரமானால் குழம்பும். நான் பூட்டிக் கொடுத்த போர்ட்டில்தான் பிழை என்று என்னை ஏசினார். போய்ப் பார்த்தால், சாய்ந்த வெயில் நேரே துளை பார்க்கிற சென்சரில் விழுகிறது. மெசினோ வெயிலையும் துளை என்று எண்ணுகிறது. ஒரு துணியைத் தொங்கவிடச் சொன்னேன். அவர் மேற்கே பார்த்துக் கும்பிட்டார்.

"சூரிய பகவான் ஆசையா எட்டிப் பாக்கிறார். அவருக்கு நான் திரை போடுறதோ? உம்மடை போர்ட்டுக்கு வேணுமெண்டால் ஒரு தொப்பி போடும்."

அண்ணனும் தம்பியும்

வல்வெட்டித்துறைச் சகோதரர்கள் இருவர் ஒரே டிஸ்க்கோடு, ஆனால் வெவ்வேறு ஓட்டோவில் வந்தார்கள். வாலிபத்தில் விளையாடி, பாதியில் நிறுத்திய செஸ் ஆட்டம் அதில் இருக்கிறது. நான்தான் வெல்ல இருந்தேன் என்று இருவரும் சொல்லப்போய், பேச்சே நின்றுவிட்டது. வளவுக்கு நடுவே மதிலும் எழும்பிவிட்டது. என் கடையிலும் என் வழியாகத்தான் கதை.

"தம்பி, உவனிட்டைச் சொல்லும், கறுப்புக் காய் என்ரை எண்டு."

"அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, அது எனக்கும் தெரியும் எண்டு."

டிஸ்க்கில் ஒரு துளையைத் தவிர மற்றதெல்லாம் பூஞ்சணத்தால் அடைபட்டிருந்தது. குத்தினால் கிழியும்; கனக்கச் சுழல விட்டால் பூச்சு உரியும். அந்த ஒரு துளையை வைத்து மற்றவற்றின் நேரத்தைப் போர்ட்டில் மெல்ல மெல்லச் சரிசெய்தேன். கடைசியில் ஆட்டம் திரையில் வந்தது. பலகையில் இரண்டு ராசா மட்டும் தனியே நின்றார்கள். வேறு ஒரு காயும் இல்லை. யாரும் வெல்ல முடியாத ஆட்டம்.

தம்பிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அண்ணன் என்னை விட்டுவிட்டு, நேரே அவர் பக்கம் திரும்பினார்.

"சரி, உது முடிஞ்சுது. ஆனா உன்ரை மதில் என்ரை காணிக்குள்ளை ஒரு முழம் வந்து நிக்குது. ஓட்டோவிலை ஏறு, அதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு போவம்."

ஆக, இந்தத் தொழிலில் மெசினைச் சமாளிப்பது சுகமான பாதி. மற்றப் பாதி அதைக் காவிக்கொண்டு வருகிறவர்கள்.