‘நீ’ என்று கூப்பிடச் சொன்னவள்

“உட்காருங்கம்மா” என்பதை ஒருவர் அத்தனை கனிவாகச் சொல்லி, அதைக் கேட்ட பெண் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரி. முதுகலைத் தமிழ், முதலாண்டு. சொன்னவர் எங்கள் பேராசிரியர். நின்றவள் கெடாரிலிருந்து வந்துகொண்டிருந்த என் வகுப்புத் தோழி. தோழி என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கு அப்போது என் வயதில் பாதிகூட இல்லை. மகன் வேலைக்குப் போன பிறகு, விட்ட படிப்பைத் தொடரச் சேர்ந்தவள் நான். அவள் என்னை அக்கா என்பாள். விழுப்புரத்திலிருந்து இருவரும் ஒரே பேருந்தில் போவோம்.

அவள் அம்மாவும் அப்பாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவளுக்கு எம்.ஏ., பிறகு பி.எட்., பிறகு பள்ளிக்கூடத்தில் வேலை என்று எண்ணம். இடையில் படிப்பு நின்றால், விடியற்காலையில் ஊருக்குள் வரும் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிட வேண்டும் என்று வீட்டில் முன்பே பேசியிருந்தார்கள். அவள் தங்கை அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். “அவ விரலப் பாத்தாலே எனக்குப் படிப்பு வந்துடுதுக்கா” என்று ஒருநாள் பேருந்தில் சொன்னாள். ஒட்டும் பசை பட்டுத் தங்கையின் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்ததாம்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு நவீன பிரெஞ்சு நாவலின் தமிழாக்கம் பாடமாக இருந்தது. துறைமுக நகரம் ஒன்றில் கணவனை இழந்த ஒரு பெண். அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஓர் ஆண். பாதி நாவல் வரை இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு மாலையில் அவன், “உன் கை குளிர்ந்திருக்கிறது” என்கிறான். அந்த ‘உன்’னைக் கேட்டு அவள் அழுகிறாள். பேராசிரியர் இந்த இடத்தை எங்களுக்கு இரண்டு வகுப்புகள் நடத்தினார். பிரெஞ்சில் ‘நீங்கள்’ கீழிறங்கி ‘நீ’ ஆவது காதலின் உச்சம் என்றார். அதன் பிறகு, கைடு வேண்டாம், கூகுள் வேண்டாம், உங்கள் மனதில் பட்டதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அகமதிப்பெண் அதற்குத்தான்.

பெரும்பாலோர் கண்ணீர் வந்தது என்று எழுதினார்கள். கோட்டக்குப்பத்து மாணவன் ஒருவன், துபாயிலிருக்கும் தன் அப்பாவை அம்மா போனில் ‘நீங்க’ என்றுதான் சொல்வாள், அதிலும் காதல் உண்டு என்று எழுதியிருந்தான். பேராசிரியர் அவனைப் பாராட்டினார். பிறகு கெடார்ப் பெண்ணின் தாளை எடுத்துத் தாமே உரக்கப் படித்தார்.

“இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் என்றவர் நீ என்று இறங்கினால் அதைக் காதல் என்கிறார்கள். என் அம்மாவை நிலக்காரர் வீட்டுச் சின்னப் பையனும் நீ என்றுதான் சொல்கிறான். இந்த வகுப்பிலும் யார் நீ, யார் நீங்க என்று எனக்குத் தெரியும்.”

அவள் எழுதியது உண்மை. என்னை வயதுக்காக அவர் ‘நீங்க’ என்பார். இன்னும் சிலரை அவர்களுடைய அப்பாக்களுக்காக ‘நீங்க’ என்பார். அவளை முதல் நாளிலிருந்தே ‘நீ’. அவர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். கோபமே இல்லை. “தப்புதான். என் தப்புதான்” என்றார். எழுந்து சுவரோரம் நின்றிருந்த அவள் பக்கம் திரும்பி, “உட்காருங்கம்மா” என்றார். வகுப்பு சிரித்தது.

அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் தவறவில்லை. அவள் உள்ளே வந்தால், “கெடார் அம்மையார் வந்துட்டாங்க, வழி விடுங்க” என்பார். கேள்வி கேட்டால், “அம்மா திருவாய் மலர்ந்தாங்கன்னா நாம கேட்டுக்கலாம்” என்பார். பையன்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். கேன்டீனில் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். “அம்மா டீ சாப்டுங்க, ஜல்தியா ஆறிடப் போவுது” என்று கும்பிட்டார்கள். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? மரியாதை கொடுக்கிறார்கள் என்றா?

ஒருநாள் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “சார், எழுதனது தப்புங்க சார். என்னை முன்ன மாதிரி நீன்னே கூப்பிடுங்க சார்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். குறுக்கே நான் பேச வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “நீங்கதானம்மா கேட்டீங்க? எழுத்துல கேட்டீங்க. எழுதனத மாத்த எனக்கு உரிமையில்ல. போய்ட்டு வாங்க.”

அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. நான் போன் செய்தபோது அவள் தங்கை எடுத்தாள். “எனக்கு இன்னிக்கு லீவு. அக்காவும் வேன்ல போய்க்கினு இருக்குது, ராத்திரிதான் வரும்” என்றாள்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் பேராசிரியருக்குப் பணிநிறைவுப் பாராட்டு விழா. பழைய மாணவி என்ற முறையில் போயிருந்தேன். ஏற்புரையில் அவர் அந்தத் தாளைப் பற்றிப் பேசினார். வரிகளை வரிசை மாறாமல் சொன்னார். தம்முடைய வகுப்பில்தான் இப்படியெல்லாம் எழுதும் துணிச்சல் பிள்ளைகளுக்கு வந்தது என்றார். நெடுநேரம் கை தட்டினார்கள்.

அதற்கடுத்த வாரம் மயிலம் போய்விட்டுக் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கம்பெனி வேன் ஒன்று டீக்கடைமுன் நின்றது. அவள் இறங்கினாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். விழாவில் கேட்டதைச் சொல்லலாமா என்று யோசித்து, பிறகு சொன்னேன். கை தட்டியதையும் சொன்னேன்.

“பேரைச் சொன்னாரா?”

“இல்ல.”

“ஒரு பொண்ணு எழுதனான்னு சொன்னாரா, எழுதனாங்கன்னு சொன்னாரா?”

“எழுதனாங்கன்னுதான் சொன்னாரு. கெடார் அம்மையார் எழுதனாங்கன்னு. பழைய பசங்க எல்லாம் சிரிச்சாங்க.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். விரல் நுனிகள் வெள்ளையாக உரிந்திருந்தன.

“இன்னுமா விடல அந்த ஆளு?” என்றாள்.

வேனிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, “ஏய், உன்னைத்தான், ஏறு” என்றான். அவள் போய் ஏறிக்கொண்டாள்.