நல்ல தண்ணி

அக்கா பேத்திக்குச் சளி மருந்து கொடுத்தேன். மூடியை நக்கிவிட்டு, "தாத்தா, இன்னொரு மூடி" என்று கையை நீட்டுகிறாள். தாத்தா என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். மருந்துக்கு அடம்பிடிப்பதைத்தான் நம்ப முடியவில்லை. மூடியில் ஒட்டியிருந்ததை நாக்கில் விட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு வாசனை, கசப்பே இல்லை. அதன் பின்னாலேயே செல்வி நினைவுக்கு வந்துவிட்டாள்.

திருமங்கலத்தைத் தாண்டி ஒரு சின்ன மருந்துக் கம்பெனி. அங்கே நானும் அவளும் நாக்குக்குச் சம்பளம் வாங்கினோம். மருந்தை வாயில் வைத்து, எம்புட்டுக் கசக்கிறது என்று சொல்லிவிட்டுத் துப்ப வேண்டும். எழுமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். பார்க்கிறவர்களெல்லாம் அவளுக்கு அண்ணன்தான். என்னை மட்டும் அப்படி அழைத்ததில்லை. அந்த ஒன்றை நம்பி நான் தினமும் இரண்டு தடவை தலை வாரினேன்.

கசப்பை அடக்க, ரெசின் என்று ரவை மாதிரி ஒரு தூள் வந்தது. மருந்து அதில் ஒட்டிக்கொண்டு நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். வயிற்றிலிருக்கிற அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்கும். தண்ணீரில் உப்பு இருந்தாலும் பிடி தளர்ந்துவிடும் என்பதால், உப்பை நீக்கிய தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கம்பெனியில் அதற்குப் பெயர் 'நல்ல தண்ணி'.

அந்தத் தூள் போட்ட முதல் சாம்பிள் தேறவில்லையென்றால் கம்பெனியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் செல்வியை எங்கே பார்ப்பது? அந்தப் பயத்தோடு வாயில் விட்டேன். வேப்பெண்ணெய் தேவலை! கண் இருட்டியது.

"ஆட்டோ சொல்லுங்கப்பா! வீட்டுல பதமாச் சொல்லுங்க!" என்று மூட்டை மேல் சாய்ந்துவிட்டேன்.

செல்வி ஒரு சொட்டு வைத்துத் துப்பினாள். கலவை போடும் முத்தையாவிடம், "அண்ணே, எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?" என்றாள்.

"நல்ல தண்ணிதான் தாயி. குழாயடில சண்டை போட்டுப் பிடிச்சது. குடிச்சுப் பாரு, கல்கண்டு!"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. "எந்திரிங்க. முத்தையாண்ணன் குடிக்கிற தண்ணிய ஊத்திருக்காரு. இதுக்கெல்லாம் சாக மாட்டீங்க."

மறுபடி கலந்தோம். கசக்கவே இல்லை. மருந்து வாங்க வந்து பார்த்தவர்களுக்கும் பிடித்துவிட்டது, கம்பெனி பிழைத்தது. முத்தையாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். கசப்பே இல்லையென்றால் நாக்கு எதற்கு என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. என்னைக் கணக்கெழுத மாற்றினார்கள். செல்வியை அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் பஸ் நிறுத்தத்தில், சொல்ல வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் நேரத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பஸ் வந்தது.

"சரி, வாரேண்ணே."

உண்மையில் அன்றைக்குத்தான் எனக்கு ஆட்டோ சொல்லியிருக்க வேண்டும்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் விற்கிறார்கள். முத்தையா அண்ணனும் இல்லை. எழுமலை பஸ் மட்டும் அதே வழியாகப் போகிறது, நான் ஏறியதில்லை.

மூடியில் மிச்சமிருந்ததை நான் இன்னும் விழுங்கவில்லை. இதிலும் அந்த ரெசின்தான் இருக்கும்; எச்சிலிலும் கொஞ்சம் உப்பு உண்டு. வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, லேசாகக் கசந்தது.