நான்காவது பெயருக்குப் பிறகு

எழுபதுகளின் தொடக்கத்தில், மாண்ட்ரியலின் மேற்கு முனையில், முன்னாள் படைவீரர்கள் மருத்துவமனையில் நான் டாக்டர். பிரிட்டிஷ் காலாட்படையில் இருந்த ஒரு கிழவர் தினமும் காலையில் கட்டிலருகே விறைப்பாக நின்று ஏதேதோ பெயர்களை உரக்கக் கத்துவார். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, ஒருநாள் எரிச்சலில் மயக்க ஊசி போட்டுவிட்டேன்.

வார்டில் இருந்த யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் பதறி ஓடி வந்தார். “ஐயோ டொக்டர், அவர் சும்மா கத்தேல்லை. பர்மாச் சண்டையில செத்த தன்ர பட்டாளத்து ஆக்களின்ர பேரை, இடாப்புப் பாத்து வரவு எடுக்கிற மாதிரி, ஒவ்வொண்டாக் கூப்பிடுறவர். ஒருநாளும் விட்டதில்லை.”

மதியம் விழித்தவர், தள்ளாடி எழுந்து நின்று ஆரம்பித்தார். நான்காவது பெயரோடு நின்றுபோனது. மறுநாளும் அப்படியே. என் கையைப் பிடித்து உலுக்கினார். “மத்தவங்கள எங்க விட்டேன், டாக்டர்?”

யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊசி போட்ட அன்று அவருடைய கேஸ் ஷீட்டில், ‘நோயாளி அமைதியாக இருக்கிறார்’ என்று எழுதியவனும் நான்தான்.