கடற்காற்றில் தங்காத மின்னூட்டம்

பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடிப்பேன். ஒன்றுகூட எழும்பாது. பெரியபட்டினத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற எனக்கு ஆண்டுதோறும் இந்த மானக்கேடு உண்டு. தேய்த்தால் எலக்ட்ரான்கள் இடம் மாறும், ஒரே வகை மின்னூட்டங்கள் விலகும், எதிரெதிர் வகைகள் இழுக்கும், தரையோடு இணைத்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் கடற்காற்றைத் திட்டுவேன். இந்த ஈரத்தில் மின்னூட்டம் சேர்வதற்குள் வடிந்துபோகும்.

என் வீட்டுக்காரர் அப்போது வளைகுடாவில் ஒரு பெட்ரோல் கிடங்கில் வேலை பார்த்தார். குளிர்காலம் வந்தால் போனில் இதே பேச்சுதான். "கம்பளிய உதறுனா பொறி பறக்குது புள்ள. கதவத் தொட்டா சுள்ளுங்குது" என்பார். லாரியிலிருந்து பெட்ரோல் இறக்குமுன் லாரியையும் டிரம்மையும் தரையோடு ஒயரால் இணைக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அவருக்கோ அது வெறும் சடங்கு. "நம்ம கரையில கேனுக்குக் கேன் டீசல் ஊத்துறோம், எவன் ஒயர மாட்டுனான்? டீச்சரம்மா, பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்க" என்று சிரித்தார். டீசல் வேறு, பெட்ரோல் வேறு, நம் காற்று வேறு, அந்த வறண்ட காற்று வேறு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். கடலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தி என்ன பயன்? ஒருநாள் மத்தியானம் ஒயர் மாட்டாமலே இறக்கியிருக்கிறார்கள். ஒரு பொறிதான். குழாயைப் பிடித்திருந்த அவருடைய தொண்டிக்காரக் கூட்டாளி ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டார். இவர் வெந்த கைகளோடு ஊர் வந்து சேர்ந்தார்.

புண் ஆறிவிட்டது. ஆனால் எதைத் தொடுமுன்னும் சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து நிற்கிறார். மகளை மட்டும் அதற்குப் பிறகும் தொடுவதில்லை. "கிட்ட வராதம்மா, வாப்பா மேல கரண்டு இருக்கும்" என்று விலகிப் போகிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும். ஸ்கேலை அவர் முன்னாலேயே தேய்த்துக் காட்டினேன். காகிதம் அசையவில்லை. "பாத்தீங்களா மச்சான், இங்கன அது தங்காது. உங்க மேல ஒண்ணுமே இல்ல" என்றேன். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அன்னைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் புள்ள நெனச்சேன்" என்றார்.

நேற்று சாயங்காலம் தெருவில் விளையாடிவிட்டு ஓடி வந்த மகள், நேரே அவரிடம் போகவில்லை. வாசலருகே நின்று, மண் ஒட்டிய கைகள் இரண்டையும் சுவரில் வைத்துக்கொண்டாள். என்னம்மா செய்கிறாய் என்று கேட்டேன்.

"எம்மேல உள்ள கரண்டு எறங்கட்டும்மா. அப்புறம் வாப்பா தூக்குவாக" என்றாள்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்றார். இவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து கையை எடுக்காமலே, "போயிருச்சா வாப்பா?" என்று கேட்டாள்.