ரைஸ்மில் நாயும் இந்திய சுதந்திரமும்

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காதரை வழியனுப்பப் போயிருந்தேன். லப்பைக்குடிக்காட்டுக்காரன், என் கூட்டாளி. துபாய்க்குப் போகிறான். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

"மாப்ளே, மணிக்கு தெனம் பொரை வாங்கிப் போட்டுருடா!"

பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "மணி யாரு தம்பி?"

"அவனை சரித்திரத்துல பாஸ் பண்ண வச்ச நாய்ங்க."

பெரியவர் மெல்ல அடுத்த பஸ் பக்கம் ஒதுங்கிவிட்டார். நீங்களாவது நில்லுங்கள், சொல்கிறேன்.

காதருக்கு உட்கார்ந்து படித்தால் ஒன்றும் ஏறாது. நடக்க வேண்டும். காலையில் புத்தகமும் கையுமாக, சத்தமாகப் படித்தபடி கடைத்தெருவில் கிளம்புவான். டீக்கடை வாசலில் பானிப்பட் போர். சலூன் வாசலில் அக்பர். தபாலாபீஸில் வெள்ளைக்காரன் வந்து இறங்குவான். பரீட்சையில் கண்ணை மூடி அதே தெருவில் மனசுக்குள் நடப்பான்... பதில் வந்துவிடும்.

சிக்கல் ரைஸ்மில்லில். சுதந்திரப் போராட்டம் அங்கேதான் ஆரம்பம். மணி என்கிற அந்த நாய் படுத்திருப்பதும் அங்கேதான். கண்டதும் துரத்தும். காதர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வருவான்.

பத்தாவது பரீட்சையில் பெரிய கேள்வியே சுதந்திரப் போராட்டம்! வெளியே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா ஆச்சு?"

"தபாலாபீஸ் வரைக்கும் ஜம்முனு போயிட்டேன் மாப்ளே. ரைஸ்மில்லுகிட்ட நாய் வந்துருச்சு... திரும்பிட்டேன்."

"அப்ப இந்தியாவுக்குச் சொதந்திரம்?"

"கெடைக்கல."

பெயில். துபாய் மாமா கறாராகச் சொல்லிவிட்டார் — பத்தாவது பாஸ் பண்ணினால்தான் விசா. அக்டோபர் பரீட்சைதான் கடைசி சான்ஸ்.

"வேற தெருவுல நடந்து படியேன்டா."

"வேற தெருன்னா மறுபடி பாபர்லேருந்து ஆரம்பிக்கணும்டா!"

அப்புறம்தான் டீக்கடைப் பொரை ரொட்டி. முதலில் தூரத்திலிருந்து வீசினான். பிறகு கிட்டப் போய்ப் போட்டான். கொஞ்ச நாளில் மணி வாலை ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தது. உப்புச் சத்தியாகிரகத்தை முழுசாகக் கேட்டது. அக்டோபரில் இந்தியா சுதந்திரம் அடைந்தது. காதர் பாஸ்!

ஒருத்தனுக்குக் காது வழியாக ஏறுகிறது, ஒருத்தனுக்குக் கண் வழியாக. இவனுக்குக் கால் வழியாக. பள்ளிக்கூடமோ எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, "ஏன்டா ஏறல?" என்று காதைத் திருகுகிறது.

நான் பாஸா என்கிறீர்களா? காதரோடு தினமும் நானும்தான் கிளம்பினேன். டீக்கடையைத் தாண்டியதே இல்லை.

என் பேப்பரில் பானிப்பட் போர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.