கன்னத்தில் இரண்டு சொட்டு

“மூஞ்சியில என்னம்மா போடுதீங்க?”

போன வாரம், பாளையங்கோட்டையில் குழந்தை டாக்டர் கேட்ட கேள்வி இது. உடம்பு சரியில்லாதது எனக்கல்ல. என் மகளுக்கு. ஒன்றரை வயது. வலது கன்னம் சிவந்து, பொரிப்பொரியாகக் கிடந்தது. டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார். அப்புறம் என் கன்னத்தைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் இந்தக் கேள்வி.

“சீரம்...” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எல்லாம் வள்ளியூரில் ஆரம்பித்தது. சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பெரியம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“ஏட்டி, என்ன கன்னத்துல கரிய அப்பிட்டு வந்திருக்கே? ஒங்க வீட்ல கேஸ் அடுப்புதான?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே வேறென்ன செய்ய முடியும்?

அது கரி இல்லை. மங்கு. மசக்கையாக இருந்தபோது இரண்டு கன்னத்திலும் விழுந்த கருந்திட்டு. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பால் மறக்கடித்தால் போய்விடும் என்றார்கள். பிள்ளை இப்போது ஓடுகிறாள். மங்கு மட்டும் நகரவே இல்லை.

ஸ்கின் டாக்டரிடம் போகாமல் இல்லை. “வெயில்ல போகாதீங்க” என்றார். திருநெல்வேலியில்! நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். திரும்பி வரும் நேரத்துக்கு ஹேண்டில்பாரில் கை வைக்க முடியாது. வெயிலில் போகக் கூடாது என்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும்.

வளைகாப்பு முடிந்து வரும் பஸ்ஸிலேயே, நாங்குநேரி தாண்டுவதற்குள், போனில் மங்குக்குப் பூசும் சீரம் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். இருப்பதிலேயே விலை குறைந்தது. அதற்கே உறுத்தல் — அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கியிருக்கலாமோ?

பாட்டில் வந்தது. அடுத்த பயம். தெரு முனையில் மருந்துக்கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். “சின்னப் பிள்ளை இருக்கு அண்ணாச்சி... போடலாமா?”

“எல்லாரும் போடுதாங்கம்மா. ஒண்ணும் செய்யாது.”

போனில் தேடினேன். போடலாம் என்று ஒருவர், ஜாக்கிரதை என்று இன்னொருவர். கணவரிடம் கேட்டேன். “ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? நல்லாத்தான இருக்கே” என்றார் — என்னை நிமிர்ந்து பார்க்காமலே.

போட்டேன். கன்னத்துக்கு இரண்டு சொட்டு.

என் மகளுக்கு ஒரு பழக்கம். தூக்கம் வந்தால் மடியில் ஏறி, கன்னத்தோடு கன்னம் ஒட்ட வைத்துக்கொள்வாள். அப்படித்தான் தூங்குவாள். அவள் வருவதைப் பார்த்ததும் நான் துப்பட்டா நுனியால் அவசர அவசரமாக முகத்தைத் துடைப்பேன். துடைத்தால் சீரம் வீண். துடைக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ... சில நேரம் அரைகுறையாகத் துடைத்தேன். கண்ணாடியில் மங்கு லேசாகக் குறைந்த மாதிரி இருந்தது. புதிதாக மாற்றிய டியூப்லைட்டின் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

அப்புறம்தான் அவள் கன்னம் சிவந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. “இதனாலயும் இருக்கலாம். வேர்க்குருவாவும் இருக்கலாம். எதுக்கும் நிறுத்திருங்க” என்றார்.

இருக்கலாம்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெற்றவள் எப்படித் தூங்குவது? நான்தான் காரணம் என்று சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

வீட்டில் மாமியார், டாக்டர் கொடுத்த களிம்பைப் பேத்தி கன்னத்தில் பைய தடவிக்கொண்டே சொன்னார்: “பிள்ளை மூஞ்சி நல்லா இருந்தா போதாதாம்மா நமக்கு?”

போதும்தான். போதாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கும் ஒரு முகம் இருக்கிறது என்று எந்தத் தாயால், எந்த மருமகளால் சத்தமாகச் சொல்ல முடியும்... நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

பிள்ளையின் சிவப்பு வடிந்துவிட்டது. பாட்டில் பீரோ மேல் இருக்கிறது. எறிய மனசு வரவில்லை, எடுத்துப் போடத் தைரியம் இல்லை. மங்கு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

நேற்று மத்தியானம் தூக்கம் சொக்க என் மடியில் ஏறினாள். எவ்வளவு நாளுக்கப்புறம் பயமில்லாத ஒரு தூக்கம்! குனிந்து கன்னத்தைக் காட்டினேன்.

அவள் சாயவில்லை. தன் கவுன் நுனியை இழுத்து எடுத்தாள். என் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். நகர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். திரும்பவும் துடைத்தாள். அதற்கப்புறம்தான் கன்னத்தை வைத்தாள்.

நான் செய்ததைப் பார்த்துச் செய்கிறாள். அவ்வளவுதான். தெரிகிறது. ஆனாலும் அவள் தூங்கிய பிறகு நான் அசையவே இல்லை.

மங்கு போகவில்லை. துடைக்க மட்டும் இன்னொரு ஆள் வந்துவிட்டாள்.